சுஹேமாவில் யாருக்கு எத்தனை எழுத்து

லோயர் கேம்ப்பிலிருந்து மலையேறி ஏலத்தோட்டங்களுக்குக் கூலிப் பெண்களைக் கொண்டுபோகும் ஜீப்புகளில் ஒன்றை சுரேஷ்கண்ணன் ஓட்டினான். பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடாது என்று வண்டிக்குள் எழுதியிருக்கும். பதினாறு பேர் ஏறுவார்கள். மிச்ச ஆறு பேர் அந்த எழுத்தின் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு போனதால் அதை யாரும் படித்ததில்லை.

அந்தப் பதினாறு பெண்களின் மகள்களில் பாதிக்கு மேல் ஒட்டுப்பெயர்க்காரிகள். வீரபாண்டிக்கும் நிஷாவுக்கும் பிறந்தவள் வீநிஷா. கர்ணனுக்கும் மோனிகாவுக்கும் பிறந்தவள் கர்ணிகா. ஆதித்தனுக்கும் சினேகாவுக்கும் பிறந்தவள் ஆதினேகா. மகன்கள் விஷயத்தில் இதெல்லாம் நடக்காது. பையன் பிறந்தால் தாத்தா பெயரா குலசாமி பெயரா என்று இரண்டு தரப்பும் ஆஸ்பத்திரி வாசலிலேயே மல்லுக்கு நிற்கும். பெண் பிறந்தால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. “என்னமோ ஒன்னு வச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அந்த டீ நேரத்துக்குள் பெற்றவள் தன் பெயரில் பாதியை உடைத்து, புருஷன் பெயரில் ஒரு துண்டோடு ஒட்டிக் குழந்தைக்கு வைத்துவிடுவாள். அவர்கள் திரும்பி வந்து, “நல்லாத்தான் இருக்கு, எங்க புடிச்ச?” என்பார்கள்.

சுரேஷ்கண்ணனின் மனைவி ஹேமாவதியும் அந்த ஜீப்பில்தான் ஏலக்காய் பறிக்கப் போய்வந்தாள். ஏழு மாதக் கர்ப்பத்தில், இறங்கிவரும்போது முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு பெயரைச் சொன்னாள்.

“பொம்பளப்புள்ளன்னா சுஹேமா. ஒங்க சு, என் ஹேமா.”

“எனக்கு ஒரே எழுத்துத்தானா?”

“ஒங்களுக்கு என்ன மாமா கொற? ரேசன் கார்டுல ஒங்க பேரு, கரண்டு பில்லுல ஒங்க பேரு, புள்ளைக்கு இனிசியலும் ஒங்களது. தோட்டத்துல கங்காணி என்னய ‘ஏழாம் நம்பரு’ன்னுதான் கூப்புடுறாரு. எம் பேரு ஒரு எடத்துலயாச்சும் கேக்க வேணாமா?”

“அப்பயும் முழுசா இல்லயே. வதி எங்க?”

“அத நானே வச்சுக்கிறேன்” என்று சிரித்தாள்.

குழந்தை பெண்ணாகவே பிறந்தது. பத்தொன்பதாம் நாள் ஹேமாவதி காய்ச்சலில் போய்ச்சேர்ந்தாள். அஞ்சலி போஸ்டர் அடிக்கப்போன இடத்தில், இறந்தவர் யார் என்று கேட்டதற்கு, அழுகையில் இருந்த சுரேஷ்கண்ணன், “என் வீட்டுக்காரி” என்றான். போஸ்டரில் அவன் பெயர் கொட்டை எழுத்தில் வந்தது. அதற்குக் கீழே ‘மனைவி’ என்று வந்தது. ஹேமாவதி என்பது படத்துக்கு அடியில், பூ மாலைக்குள் பாதி மறைந்து கிடந்தது. குமுளி ரோடு முழுக்க அதை ஒட்டிவிட்டார்கள். மழை வந்து கரைக்கும்வரை தினமும் இரண்டு தடவை அவன் அதைக் கடந்துதான் ஜீப் ஓட்டினான். மகளின் பெயரில் ஓர் எழுத்தைக்கூட விட்டுத்தருவதில்லை என்று அவன் முடிவு செய்தது அந்த நாட்களில்தான்.

குழந்தைக்கு ஐந்து மாதமானபோது, பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்கப் போனான். பிள்ளையை வளர்க்கும் அவனுடைய அக்கா ஜக்கம்மாவும் கூட வந்தாள். பதிவு அலுவலகத்தில் எழுத்தர் அம்மாவாசி, தன்மையான மனிதர், பெயரைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் தட்டினார். திரை சிவப்பானது.

“தம்பி, சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது. கூட்டுப்பேருன்னு காட்டுது. பொம்பளப்புள்ளைக்குக் கூட்டுப்பேருன்னா பேராபீசு போயி சரின்னு வாங்கிட்டு வரணும். இந்த வருசத்துல இருந்து புதுசு.”

“ஆம்பளப்புள்ளன்னா?” என்று ஜக்கம்மா கேட்டாள்.

“இருங்க, பாப்பம்.” அம்மாவாசி பாலினத்தை மட்டும் மாற்றிவிட்டு அதே பெயரைத் தட்டினார். திரை பச்சையானது. “ஆணுன்னு போட்டா சுஹேமாவ ஏத்துக்கிருது. அப்படியே போட்டுரவா? வேல சுளுவா முடியும்.”

சுரேஷ்கண்ணன் மடியில் கிடந்த மகளைப் பார்த்தான். “வேணாங்க” என்றான்.

பேராபீசு என்று ஊரில் சொல்லப்பட்டது சின்னமனூர் தாண்டித் தேனி ரோட்டில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த ஒரு மாடிக் கட்டடம். அதன் முழுப்பெயர் பெண்மகவு நற்பெயர் நெறியாக்க மையம். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளமாக இருந்ததால், ‘மையம்’ மட்டும் பக்கத்திலிருந்த உரக்கடைச் சுவரில் தனியாக மாட்டப்பட்டிருந்தது.

அங்கே ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயரின் வேர்ச்சொல் என்ற இடத்தில் ‘சுரேஷ்கண்ணன், ஹேமாவதி’ என்று எழுதினான். பெயரின் பொருள் என்ற இடத்தில் பேனா நின்றது.

“ஏலே, இதுல என்னத்த யோசிக்க? நீங்க ரெண்டு பேருந்தான பொருளு. அத எழுது” என்றாள் ஜக்கம்மா.

‘நானும் என் மனைவியும்’ என்று எழுதினான். இப்பெயரை முன்பு தாங்கியோர்: யாரும் இல்லை. அவர்களுள் புகழ்பெற்றோர்: யாரும் இல்லை. புகழ்பெறாமைக்குக் காரணம்: இப்போதுதான் வைத்தோம்.

ஒன்றரை மாதம் கழித்து விசாரணைக்கு அழைப்பு வந்தது. நீண்ட மேசைக்குப் பின்னால் மையத்தின் இயக்குநர் முத்துராமலிங்கம் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. ஓய்வு பிடிக்காமல் இந்த மையத்தை யோசித்து, எழுதி, அரசிடம் அனுமதி வாங்கி, அதற்குத் தானே இயக்குநரும் ஆனவர். அவருக்கு இந்தப் பக்கம் சொல்லியல் உறுப்பினர், அந்தப் பக்கம் பண்பாட்டு உறுப்பினர், கோடியில் பென்சிலோடு எண்ணியல் உறுப்பினர்.

சொல்லியல் உறுப்பினர் தொடங்கினார். “‘சு’ என்றால் நல்ல. ‘ஹேமம்’ என்றால் பொன். எனவே பெயருக்கு நல்ல பொன் என்று பொருள். ஆனால் விண்ணப்பதாரர் ‘நானும் என் மனைவியும்’ என்று எழுதியிருக்கிறார். தான் வைக்கும் பெயரின் பொருள் அவருக்கே தெரியவில்லை.”

“சார், அது சுரேசுல உள்ள சு” என்றான் சுரேஷ்கண்ணன்.

“அது உங்கள் சொந்தக் கருத்து.”

பண்பாட்டு உறுப்பினர் கண்ணை மூடிக்கொண்டு பெயரை இரண்டு தரம் உச்சரித்துப் பார்த்தார். “காதில் விழும்போது நம்மவர்கள் பெயர்போல இல்லை. வேறு மார்க்கத்துப் பெயர்போல ஒரு சாயல் அடிக்கிறது. வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள்? இங்கே கூப்பிட்டுக் காட்டுங்கள்.”

அவன் கூச்சத்தோடு, “சுஹேமா” என்று மெல்லக் கூப்பிட்டான். ஜக்கம்மாவின் தோளில் கிடந்த குழந்தை சட்டென்று தலையைத் திருப்பி, அவனைப் பார்த்து ஈறு தெரியச் சிரித்தது. முத்துராமலிங்கம் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்த பெண்ணிடம், “குறித்துக்கொள்ளுங்கள்” என்றார். “பெயர் மையத்தின் அனுமதியின்றி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது. குழந்தை பழகிவிட்டது. விளக்கம் கோரப்படுகிறது.”

கடைசியாக எண்ணியல் உறுப்பினர் பென்சிலைக் கீழே வைத்தார். “எழுத்து மூன்று. தகப்பனுக்கு ஒன்று. தாய்க்கு இரண்டு.”

முத்துராமலிங்கத்தின் முகம் கறுத்தது. “குடும்பத் தலைவருக்கு மூன்றில் ஒரு பங்கா? தம்பி, நான் பெண்களுக்கு எதிரானவன் இல்லை. என் வீட்டில் எல்லா முடிவையும் என் மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் எடுப்பேன். இந்த மையமே பெண்களுக்காகத்தானே? ஒரு பெண்ணுக்குப் பெயர் வைப்பது என்பது, அவளைக் கேட்காமல் அவளுக்காகப் பெரியவர்கள் செய்யும் முதல் காரியம். முதல் காரியமே கோணலாகப் போனால், அடுத்தடுத்துக் கேட்காமல் செய்ய வேண்டிய காரியங்களுக்கு அவள் எப்படிப் பழகுவாள்?”

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள்.

“பங்கைச் சரிசெய்தால் பரிசீலிக்கலாம். நாங்களே ஒன்று யோசித்திருக்கிறோம். தகப்பனுக்கு இரண்டு, தாய்க்கு ஒன்று.” காகிதத்தைப் பார்த்து வாசித்தார். “சுரேஹே.”

“மாடு பத்துற மாதிரில்ல இருக்கு!” என்றாள் ஜக்கம்மா. “ஆத்தாடி, இதுக்கா மூணு ஆளு ரோசன பண்ணீக?”

சுரேஷ்கண்ணன் அக்காவின் கையைப் பிடித்து அமர்த்தினான். “சார், அவளே ஆசயா வச்ச பேரு சார் அது. மாத்த வேணாம். எனக்கு அந்த ஒரு எழுத்துகூட வேணாம்னாலும் சரிதான்.”

“அவரே வைத்தார் என்றால் அவருடைய சம்மதக் கடிதம் எங்கே?”

“அவ இறந்துட்டா சார். இறப்புச் சான்று படிவத்தோட வச்சிருக்கேன்.”

முத்துராமலிங்கம் தாள்களைப் புரட்டினார். அவர் குரல் உண்மையாகவே இளகியது. “வருந்துகிறேன். அப்படியென்றால் இது வேறு இனம். பெயர் என்பது ஒருவருடைய உடைமை. இறந்தவருடைய உடைமையிலிருந்து இரண்டு எழுத்தை எடுக்கிறீர்கள். உயிரோடு இருந்தால் சம்மதக் கடிதம் போதும். இறந்துவிட்டதால் வாரிசுகளின் சம்மதம் வேண்டும். வாரிசுச் சான்று வாங்கி வாருங்கள்.”

அடுத்த மூன்று மாதம் சுரேஷ்கண்ணன் வாரிசுச் சான்றுக்காகத் தாலுகா ஆபீசுக்கு நடந்தான். ஜீப்பை வேறொருவனிடம் விட்டுவிட்டு வாரத்தில் இரண்டு நாள் நடந்தான். ஒரு வழியாக அவனுடைய தாள் மேசையின் மேலே வந்தபோது, அங்கிருந்தவர் பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்.

“இறந்தவங்களுக்கு யார் யாரு வாரிசு?”

“நானும் என் மகளுங்க.”

“மகள் பேரு?”

“அதுக்குத்தாங்க இந்தச் சான்றே.”

“பேர் இல்லாத வாரிச எப்படி எழுதுறது? பேரு சேத்த பிறப்புச் சான்று கொண்டாங்க.”

“இது குடுத்தாத்தான் அது குடுப்பாகளாம்.”

“அது குடுத்தாத்தான் இது குடுப்போம்.” அவர் பேனாவை மூடினார். “ஒன்னு பண்ணுங்க. புள்ளை இல்லைன்னு எழுதிக் குடுங்க. நீங்க மட்டும் வாரிசு. நாளைக்கே தாரேன்.”

அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவன், ஓடைப்பட்டி விலக்கு வரைக்கும் அதையே யோசித்தான். மகள் இல்லை என்று கையெழுத்துப் போட்டால் மகளுக்குப் பெயர் கிடைத்துவிடும். ஒரு கையெழுத்துத்தான். ஊருக்குத் தெரியாது. மகளுக்கும் தெரியப்போவதில்லை. வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னான். ஜக்கம்மா பிள்ளைக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிராமலே, “போட்டுட்டு வந்துட்டியா?” என்றாள்.

“இல்லக்கா.”

“போட்டிருந்தீன்னா இந்தச் சோத்த ஒன் வாயில வச்சு அப்பியிருப்பேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த உருண்டையைக் குழந்தைக்கு ஊட்டினாள்.

பிறந்து ஒரு வருடம் முடியப் பதினைந்து நாள் இருக்கும்போது மையத்திலிருந்து தபால் வந்தது. ‘தங்கள் மகளுக்கான பெயர் தீர்மானிக்கப்பட்டுள்ளது. நற்பெயர் வழங்கு விழாவில் நேரில் பெற்றுக்கொள்ளவும்.’ சுரேஷ்கண்ணன் அதை மூன்று தடவை படித்தான். சுஹேமாதான் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவன் பிள்ளைக்குப் புது கவுன் எடுத்தான். ஜீப்பில் வரும் பெண்கள் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு அதே ஜீப்பில் விழாவுக்கு வந்தார்கள். அவர்களில் ஆறு பேருக்கும், அவர்களுடைய கடைசி மகள்களின் பெயர் குறித்து, அதே தபால் வந்திருந்தது.

சின்னமனூரில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் சாமந்தித் தோரணம். முத்துராமலிங்கம் மைக்கைப் பிடித்தார்.

“தாய்மார்களே! கூட்டுப்பெயர் ஏன் வந்தது? ஆராய்ந்தோம். நம் பெண்களுக்கு ஓய்வு நேரம் அதிகமாகிவிட்டது.”

காலை நான்கு மணிக்கு எழுந்து மலையேறும் பெண்கள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“இதற்குத் தீர்வாக, எங்கள் குழு ஆயிரத்து இருநூறு பெண் பெயர்களை எடுத்து ஆராய்ந்தது. சொல் சரியாக இருந்தால் பண்பாடு உதைத்தது. பண்பாடு சரியாக இருந்தால் எண் உதைத்தது. மூன்று உறுப்பினர்களும் ஒருமனதாக, ஒரு சிறு மறுப்பும் சொல்லாமல் ஏற்றுக்கொண்ட பெயர் ஒன்றே ஒன்று. ஆச்சரியம் என்னவென்றால், அது மறைந்த என் தாயாரின் பெயராக அமைந்துவிட்டது. நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். உறுப்பினர்கள் கேட்கவில்லை. அவர்களுடைய பதவிக்காலத்தை நீட்டிக்கும் நாளன்று அந்தத் தீர்மானம் நிறைவேறியது. இந்தப் பள்ளத்தாக்கில் நிலுவையில் இருந்த எல்லாப் பெண் குழந்தைகளும் இன்று முதல் கஸ்தூரியம்மாள்.”

தவில்காரர் எங்கோ பார்த்துக்கொண்டு அடித்தார். ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டார்கள். சுரேஷ்கண்ணன் கையில் சட்டம் போட்ட சான்றிதழ் வந்தது. சு. கஸ்தூரியம்மாள் என்று இருந்தது. அவனுடைய எழுத்து ஒரு புள்ளி வைத்துப் பத்திரமாக முன்னால் நின்றது. ஹேமாவதியின் எழுத்துகள் இரண்டும்தான் இல்லை.

“தகப்பனார் இரண்டு வார்த்தை நன்றி சொல்வார்” என்று மைக்கை அவன் வாயருகே நீட்டினார்கள்.

“இது எம்புள்ள பேரு இல்ல” என்றான்.

மைக்கில் நன்றாகவே கேட்டது. ஆனால் நன்றி முடிந்ததும் கைதட்ட வேண்டும் என்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மைய ஊழியர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அவன் வாயை மூடியதும் அவர்கள் தட்டினார்கள். அவர்கள் தட்டுவதைப் பார்த்து மண்டபமும் தட்டியது. “இது எம் பொண்டாட்டி வச்ச பேரு இல்லங்க” என்று இன்னும் சத்தமாகச் சொன்னான். இன்னும் பலமாகத் தட்டினார்கள். முத்துராமலிங்கம் அவன் தோளைத் தழுவிக்கொண்டு, “உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார்” என்று சொல்லி மைக்கை வாங்கிக்கொண்டார்.

எல்லோரும் ஜீப்பில் திரும்பினார்கள். பிள்ளையின் கவுனில் குத்திய பூ கசங்கிக் கிடந்தது. வழியில் ஜக்கம்மா, “நீ சத்தமா சொன்ன. எனக்குக் கேட்டுச்சு” என்றாள்.

மேல்முறையீடு செய்யலாம் என்று அம்மாவாசி வழி சொன்னார். மையத்தின் முடிவை எதிர்த்து மையத்திலேயே மேல்முறையீடு. அவன் எழுதிப் போட்டான். உங்கள் மகள் சுஹேமா என்று நீங்கள் குறிப்பிடும் நபர் பதிவேட்டில் இல்லாததால், இல்லாத நபர் சார்பாக மேல்முறையீடு ஏற்பதற்கில்லை என்று பதில் வந்தது. அதன் பிறகும் எழுதினான். அதன் பிறகு பதில் வரவில்லை.

வீட்டில் அவள் சுஹேமாதான். ஜீப்பில் அவள் சுஹேமாதான். மூன்று வயதில் அவளைத் தெருமுனையில் இருந்த பால்வாடியில் சேர்த்தார்கள். சந்தோஷமாகப் போனாள், பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். மூன்று மாதம் கழித்து டீச்சர் ஜெபஷீலா ஆள் அனுப்பிச் சுரேஷ்கண்ணனைக் கூப்பிட்டார்.

“அண்ணே, தப்பா எடுத்துக்கிறாதீக. ஒங்க புள்ள சேந்ததுல இருந்து ஒரு நாள்கூட வரல. பேரு அடிச்சிருவாக.”

சுரேஷ்கண்ணனுக்குப் புரியவில்லை. டீச்சரின் சேலையைப் பிடித்துக்கொண்டு மகள் நின்றிருந்தாள். “இங்கனதான டீச்சர் நிக்கிறா?”

“இது சுஹேமா. இவ தினமும் வாரா. நான் சொல்றது கஸ்தூரியம்மாள. இங்கன மொத்தம் ஏழு கஸ்தூரியம்மா. பேரு கூப்பிட்டா புள்ளையே வாயத் தெறந்து உள்ளேன்னு சொல்லணும், அப்பத்தான் டிக்கு போடணும்னு மேல இருந்து பேப்பர் வந்திருக்கு. மத்த ஆறு புள்ளைகளும் சொல்லப் பழகிருச்சுக. இவ பேசாம ஒக்காந்திருக்கா. டிக்கு இல்லாத புள்ளைக்கு முட்டை எழுத முடியாது. என் பங்குல பிச்சுத்தான் இவளுக்குக் குடுக்கிறேன். எத்தன நாளைக்குண்ணே?”

மறுநாள் அவன் மலைக்குப் போகவில்லை. காலையில் மகளைத் தின்பண்டக் கடைக்குக் கூட்டிப்போய் ஒரு கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்து, பால்வாடி வாசலில் நிறுத்தினான். முழங்காலிட்டு உட்கார்ந்து அவள் முகத்துக்கு நேராகப் பேசினான்.

“பாப்பா, டீச்சர் கஸ்தூரியம்மாள்னு கூப்புடுவாக. அப்ப நீ உள்ளேன் டீச்சர்னு சொல்லணும். சரியா?”

“அவ யாருப்பா?”

அவன் அவள் கவுனின் பித்தானைப் போட்டுவிட்டான். போட்டுத்தான் இருந்தது. கழற்றி மறுபடியும் போட்டான்.

“சும்மா சொல்லு, பாப்பா. சொன்னா முட்ட தருவாக.”

உள்ளே பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். அவன் ஜன்னலுக்கு வெளியே நின்றான். ஜெபஷீலா பதிவேட்டைத் திறந்து, இனிஷியலோடு ஒவ்வொரு கஸ்தூரியம்மாளையும் கூப்பிட்டார். உள்ளேன், உள்ளேன் என்று மழலைக் குரல்கள். “சு. கஸ்தூரியம்மாள்” என்றார். ஒரு நொடி ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, எல்லாக் குரல்களையும்விடப் பெரிதாக, “உள்ளேன் டீச்சர்!” என்று கேட்டது. ஜெபஷீலா தலை நிமிராமல் டிக் போட்டார்.

மகள் எழுந்து ஜன்னல் பக்கம் ஓடி வந்தாள். கம்பிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு ரகசியம்போலச் சொன்னாள்.

“சொல்லிட்டேம்ப்பா. அந்தப் புள்ள பாவம், வரவே மாட்டேங்குது. அதான் வந்துருச்சுன்னு நானே சொல்லிட்டேன்.”